சலான் விழுந்தால் கார் இன்சூரன்ஸ் பிரீமியம் கூடுமா? கடலூர் - புதுச்சேரி வாகன உரிமையாளர்கள் விவாதம்

மஞ்சக்குப்பம்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1200 சி.சி. பெட்ரோல் கார் ஒன்று டி.என். 31 பதிவில் ஓடுகிறது. வேலை நிமித்தமாக நாள்தோறும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சென்று வரும் வண்டி அது. கடந்த ஓராண்டில் இரண்டு இ-சலான்கள் வந்துள்ளன. ஒன்று அரியாங்குப்பம் அருகே வேக வரம்பை மீறியதற்கு, மற்றொன்று நகரத்துக்குள் தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்தியதற்கு. அடுத்த மாதம் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும். வந்திருக்கும் தொகையைப் பார்த்தால், வண்டிக்கு ஒரு வயது கூடி அதன் மதிப்பு குறைந்திருந்தும், பிரீமியம் சென்ற ஆண்டைவிடக் கணிசமாக உயர்ந்திருக்கிறது. ஏஜென்டிடம் கேட்டபோது, சலான் விழுந்த வண்டிகளுக்கு இப்போது கட்டணத்தைக் கூட்டுகிறார்கள் என்றும், அதற்கு ஒன்றும் செய்ய இயலாது என்றும் சொன்னார். இது உண்மைதானா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கெடிலக்கரை:

வணக்கம். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மோட்டார் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்கிறேன். ஏஜென்ட் சொன்ன காரணம் சரியானதன்று.

உங்கள் பாலிசியில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதலாவது, நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்பை ஈடுகட்டும், சட்டப்படி எல்லா வண்டிகளுக்கும் கட்டாயமான தேர்ட் பார்ட்டி காப்பீடு. இதன் கட்டணத்தை எந்த நிறுவனமும் தன் விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ முடியாது. அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அறிவிப்பின்படி, தனியார் கார்களில் 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதையும் தாண்டினால் 7,897 ரூபாய். வண்டியை ஓட்டுபவர் பொறுமையானவரா, வாரம் ஒரு சலான் வாங்குபவரா என்ற கேள்விக்கே இந்தக் கட்டணத்தில் இடமில்லை.

இரண்டாவது, சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி. 2007 ஜனவரியில் கட்டுப்பாடு நீங்கியதிலிருந்து இதன் விலையை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. வண்டியின் ஐ.டி.வி. (காப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் வண்டியின் மதிப்பு), வயது, எஞ்சின் திறன், பதிவான இடம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுவார்கள். இடத்தைப் பொறுத்தவரை நாட்டைத் தனியார் கார்களுக்கு இரண்டு மண்டலங்களாகப் பிரித்திருந்தார்கள். சென்னை, மும்பை, டெல்லி போன்ற எட்டு பெருநகரங்கள் ஏ மண்டலம், மற்றவை எல்லாம் பி மண்டலம். ஆகவே டி.என். 31 வண்டியும் பி.ஒய். 01 வண்டியும் இந்த வகையில் ஒன்றுதான். புதுச்சேரிப் பதிவுக்குச் சாலை வரியில் ஆதாயம் இருக்கலாம். இன்சூரன்ஸில் அப்படி ஒரு பெரிய வேறுபாடு கிடையாது.

இவற்றில் எங்கும் சலானுக்கு என்று தனிப் பத்தி இல்லை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சென்ற ஆண்டு ஏதாவது கிளைம் செய்தீர்களா? புதுப்பிக்க வந்த தாளில் நோ கிளைம் போனஸ் என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது?

மஞ்சக்குப்பம்:

ஆம், ஐயா. நிறுத்தி வைத்திருந்த காரின் பின்புறத்தில் வேறொரு வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது. பின் பம்பரும் ஒரு விளக்கும் மாற்றினோம். கழிவுகள் போகக் காப்பீட்டு நிறுவனம் சுமார் 5,200 ரூபாய் கொடுத்தது. தவறு எங்கள் பக்கம் இல்லை என்பதால் அது பிரீமியத்தைப் பாதிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு போனஸ் 35 சதவீதம். இந்த ஆண்டு அந்த இடத்தில் பூஜ்ஜியம் இருக்கிறது. போனஸுக்கு முந்தைய ஓன் டேமேஜ் தொகை 9,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள்.

கெடிலக்கரை:

உங்கள் பிரீமியம் உயர்ந்ததற்குக் காரணம் இதுதான். சலானுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

கிளைம் இல்லாமல் ஓராண்டு முடிந்தால் ஓன் டேமேஜ் தொகையில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 25, 35, 45, 50 என்று ஏறும். நடுவில் ஒரே ஒரு கிளைம் செய்தாலும் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும். இடித்தது யார், தவறு எவருடையது என்று இந்தப் படிவரிசை பார்ப்பதில்லை. அந்தக் கிளைம் இல்லாதிருந்தால் உங்களுக்கு இந்த ஆண்டு 45 சதவீதம் கிடைத்து, 9,000 ரூபாய்க்குப் பதிலாக 4,950 ரூபாய் கட்டியிருப்பீர்கள். இந்த ஆண்டு மட்டும் 4,050 ரூபாய் கூடுதல். அடுத்த ஆண்டு அடிப்படைத் தொகை 8,500 என்று வைத்துக்கொண்டால், 50 சதவீதம் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் 20 சதவீதம்தான் கிடைக்கும். அது இன்னொரு 2,550 ரூபாய். இரண்டே ஆண்டுகளில் 6,600 ரூபாய் போகிறது, கையில் வந்ததோ 5,200. ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும்.

சிறு சேதத்துக்குக் கிளைம் எழுதும் முன்னர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவது ஏஜென்டின் கடமை என்றே நான் கருதுகிறேன். பெரும்பாலும் யாரும் காட்டுவதில்லை. அதற்கு மேல், உயர்வுக்குச் சலானைக் காரணம் காட்டினால் வாடிக்கையாளர் எதிர்த்துக் கேட்க மாட்டார் என்று நினைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

முள்ளோடை:

ஐயா, நான் இரண்டு டாக்சிகள் வைத்து ஓட்டுகிறேன். போக்குவரத்து விதிமீறலுக்கு மதிப்பெண் போட்டுப் பிரீமியத்தைக் கூட்டப் போவதாக 2021-இல் செய்தித்தாள்களில் பார்த்த நினைவு. டெல்லியில் தொடங்கிப் பிறகு எல்லா இடங்களுக்கும் வரும் என்றார்கள். அது என்ன ஆயிற்று?

கெடிலக்கரை:

நல்ல கேள்வி. அந்தச் செய்தி பொய்யன்று. ஆனால் அது முன்மொழிவாகவே நின்றுவிட்டது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அமைத்த பணிக்குழு ஒன்று 2021 ஜனவரியில் வரைவு அறிக்கையை வெளியிட்டது. பாலிசியில் இப்போதுள்ள பகுதிகளோடு விதிமீறல் பிரீமியம் என்ற புதிய பகுதியையும் சேர்க்கலாம் என்பது அதன் பரிந்துரை. ஒவ்வொரு மீறலுக்கும் புள்ளிகள் உண்டு. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளிகள், தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளிகள். சேரும் புள்ளிகளுக்கு ஏற்பக் கார்களுக்கு 300 முதல் 1,500 ரூபாய் வரையிலும், இருசக்கர வாகனங்களுக்கு 100 முதல் 750 ரூபாய் வரையிலும் கூடுதல் கட்டணம் வரும். முதலில் டெல்லியில் சோதனை முறையில் நடத்திப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். நாடு முழுவதற்குமான விதியாக அது வரவில்லை. 2024-இல் டெல்லி துணைநிலை ஆளுநர் இதே கோரிக்கையை ஒன்றிய நிதியமைச்சருக்கு எழுதியதிலிருந்தே அது இன்னும் கோரிக்கை நிலையில் இருந்தது விளங்கும்.

முள்ளோடை:

அப்படி ஒன்று வருமானால் எங்களைப் போன்றவர்கள்தாம் அடிபடுவோம். சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநர் வேகமாகப் போனால் சலான் ஆர்.சி. உரிமையாளர் பெயருக்குத்தான் வருகிறது. அதைக் கட்டிவிட்டு, மறு ஆண்டு பிரீமியத்திலும் அதே மீறலுக்கு மீண்டும் பணம் கொடுக்க வேண்டுமா? ஓட்டியவர் அதற்குள் வேறு முதலாளியிடம் போயிருப்பார்.

கெடிலக்கரை:

அந்த வரைவிலும் பொறுப்பு பதிவு பெற்ற உரிமையாளருக்கே வைக்கப்பட்டிருந்தது. வண்டி கைமாறினால் புள்ளிகள் நீங்கி, புதிய உரிமையாளருக்குக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்றும் இருந்தது. உங்கள் மனக்குறை நியாயமானது. கேமரா வண்டி எண்ணைத்தான் படிக்கிறது, ஓட்டுநரின் உரிமத்தைப் படிப்பதில்லை. இதற்கு ஒரு வழி காணாமல் இந்தத் திட்டத்தை நடைமுறைப்படுத்தினால் அது சரியாக அமையாது.

முத்தியால்பேட்டை:

இந்த இடத்தில் பிரான்சு நாட்டு முறையைச் சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன். புதுச்சேரியில் பலருக்கும் இருப்பதுபோல் எனக்கும் அங்கே உறவினர்கள் உண்டு. என் அண்ணன் அங்கேதான் குடியிருக்கிறார்.

அங்கே ஒவ்வொரு ஓட்டுநருக்கும் போனஸ்-மாலுஸ் என்ற பெருக்கெண் உண்டு. தொடக்கத்தில் அது 1. விபத்து இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் அதை 0.95-ஆல் பெருக்குவார்கள். 13 ஆண்டுகள் ஒழுங்காக ஓட்டினால் 0.50 வரை இறங்கும், அதாவது பாதிக் கட்டணம். தவறு தம்முடையது என்று உறுதியாகும் ஒவ்வொரு விபத்துக்கும் 1.25-ஆல் பெருக்குவார்கள். உச்சம் 3.50. இதில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். நிறுத்தியிருந்த வண்டியை யாரோ இடித்துவிட்டுப் போனதற்காக மஞ்சக்குப்பம் அன்பர் போனஸ் முழுவதையும் இழந்ததுபோல் அங்கே நேராது, ஏனென்றால் தவறு யாருடையது என்பதை அந்த முறை கேட்கிறது. அடுத்து, வேகக் கேமராவில் சிக்கி அபராதம் கட்டினால் உரிமத்தின் 12 புள்ளிகளில் குறையுமே தவிர, இந்தப் பெருக்கெண் மாறாது.

ஆனால் கடுமையான மீறல்களுக்குத் தனிக் கூடுதல் கட்டணம் வாங்கும் உரிமை நிறுவனங்களுக்கு இருக்கிறது. விபத்துக்குப் பொறுப்பானவர் அப்போது மது அருந்தியிருந்தார் என்று உறுதியானால் 150 சதவீதம் வரை கூட்டலாம். அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடரக் கூடாது. சிறு மீறலையும் உயிருக்கு ஆபத்தான மீறலையும் வேறு வேறாகப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. நம் வரைவில் இருந்த உச்சத் தொகை 1,500 ரூபாய் குடித்துவிட்டு ஓட்டுபவரை ஒரு நொடியாவது தயங்க வைக்குமா என்பது எனக்கு ஐயமே.

திருப்பாதிரிப்புலியூர்:

நான் கடலூரில் விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். மேலே நடந்த விவாதம் பயனுள்ளது. ஆயினும், பிரீமியம் சில நூறு ரூபாய் கூடுமா என்று எல்லாரும் கவலைப்படும்போது, விதிமீறல் காப்பீட்டைப் பாதிக்கும் உண்மையான இடம் கவனத்திலிருந்து விலகிப் போகிறது. மீறல் உங்களைத் தொடும் இடம் பிரீமியம் அன்று, கிளைம்.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். புதுச்சேரியில் மது அருந்திவிட்டு ஒருவர் தன் காரில் முள்ளோடை எல்லையைத் தாண்டிக் கடலூர் நோக்கி வருகிறார். பெண்ணையாற்றுப் பாலத்துக்கு அருகே சைக்கிளில் சென்ற ஒருவரை மோதிவிடுகிறார், அவர் இறந்துவிடுகிறார். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின் கீழ் முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மரணத்துக்கான குற்ற வழக்கு தனி. ஊரில் பேசப்படுவது இவ்வளவுதான். அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள்.

அவருடைய காரின் சேதத்துக்கு நிறுவனம் ஒரு ரூபாயும் தராது. போதையில் ஓட்டியபோது நேர்ந்த சேதத்தைப் பாலிசியே விலக்கி வைத்திருக்கிறது. மூச்சுச் சோதனைச் சீட்டு இல்லை என்று தப்பிக்கவும் வழி இல்லை. பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் இதைத் தெளிவாக்கியது. குற்ற வழக்குக்கு 30 மில்லிகிராம் அளவு தேவைப்படலாம், ஆனால் பாலிசியின் விலக்கைக் காட்டி மறுக்க, ஓட்டியவர் மதுவின் பிடியில் இருந்தார் என்பதை மற்றச் சான்றுகளால் நிறுவினாலும் போதும்.

இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஒரு தொகையை விதிக்கும். சம்பாதிக்கும் வயதினர் என்றால் அது பல இலட்சங்களாக இருக்கும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நிறுவனம் எழுப்பத்தக்க மறுப்புகளில் மது அருந்தி ஓட்டியதும் 150-ஆம் பிரிவில் சேர்ந்துவிட்டது. அத்தகைய வழக்குகளில், குடும்பம் அலையக் கூடாது என்பதற்காக நிறுவனத்தை முதலில் கட்டச் சொல்லிவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயங்கள் அனுமதிக்கின்றன. பிறகு வீடு, நிலம் என்று உரிமையாளரின் சொத்து மீது, தொகையை வசூலிப்பதற்கான நிறைவேற்று மனு வரும். ஒழுங்காகப் பிரீமியம் கட்டி வந்தவர், காப்பீடே இல்லாதவரின் நிலைக்கு வந்துவிடுகிறார். இப்படி வீட்டை இழக்கும் நிலைக்கு வந்த குடும்பங்களை நான் நீதிமன்ற வளாகத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களுள் வண்டியை ஓட்டியவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இந்த விதி இருப்பதே அன்றுவரை தெரிந்திருக்கவில்லை.

உரிமம் இல்லாதவரிடம் சாவியைக் கொடுப்பதும் இதே வகைதான். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு இரத்தும் உண்டு. அதற்கு மேல் இழப்பீட்டுத் தொகை முழுவதும் உரிமையாளர் தலையில் விழ வாய்ப்பிருக்கிறது.

முள்ளோடை அண்ணனுக்கு ஒரு குறிப்பு. ஓட்டுநரை வேலைக்கு எடுக்கும்போதே அவருடைய உரிமத்தை ஒன்றிய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சரிபார்த்து, அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். உரிமத்தில் குறை இருந்தது என்று மட்டும் சொல்லி நிறுவனம் விலகிவிட முடியாது, உரிமையாளர் தெரிந்தே விதியை மீறினார் என்பதையும் நிறுவ வேண்டும் என்று ஸ்வரண் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் கவனத்தோடு சரிபார்த்தீர்கள் என்பதற்கு அந்த அச்சுப் பிரதி சான்றாகும்.

முள்ளோடை:

மிக்க நன்றி, ஐயா. ஒரு சந்தேகம். என் ஓட்டுநர்களுள் ஒருவரிடம் இலகுரக வாகன உரிமம் மட்டும் இருக்கிறது, டாக்சிக்கான தனி முத்திரை இல்லை. அதைக் காட்டி மறுப்பார்களா? அதோடு, எங்கள் பகுதியில் சொந்த உபயோகப் பதிவில் உள்ள கார்களைச் சனி, ஞாயிறுகளில் சென்னைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அவர்களுக்கு என்ன ஆகும்?

திருப்பாதிரிப்புலியூர்:

முதல் கேள்விக்கு நல்ல விடை இருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள போக்குவரத்து வாகனத்தை இலகுரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம், தனி முத்திரை தேவையில்லை என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு விடை கசப்பானது. தனியார் கார் பாலிசி வாடகைக்கு ஓட்டுவதை விலக்கி வைத்திருக்கிறது. வெள்ளைப் பலகை வண்டியில் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றியிருந்தபோது விபத்து நேர்ந்தால் சேதக் கிளைமை மறுக்க நிறுவனத்துக்கு முழுக் காரணம் கிடைத்துவிடுகிறது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பயணிகளிடம் ஒரு வார்த்தை கேட்டாலே இது வெளியே வந்துவிடும்.

முத்தியால்பேட்டை:

அப்படியானால் வேகமாகச் சென்றது, சிவப்பு விளக்கைத் தாண்டியது, சீட் பெல்ட் அணியாதது ஆகியவற்றுக்கும் கிளைம் மறுக்கப்படுமா? இந்த அச்சம் பலருக்கும் இருக்கிறது.

கெடிலக்கரை:

இதற்கு நான் விடை சொல்கிறேன், அம்மா. பொதுவாக மறுக்கப்படுவதில்லை. கவனக் குறைவால் நேரும் விபத்துக்குத்தானே காப்பீடே இருக்கிறது. வேகம், சிக்னல் ஆகியவை வழக்கமான பாலிசியின் விலக்குப் பட்டியலில் இல்லை. பந்தயம் ஓட்டுவது இருக்கிறது. சீட் பெல்ட் அணியாததற்கு 1,000 ரூபாய் அபராதம் உண்டு, ஆனால் அதைக் காட்டிக் காரின் சேதத்தை மறுக்க இடமில்லை. புகைச் சான்றிதழ் குறித்தும் இப்படி ஒரு குழப்பம் இருந்தது. அது இல்லாவிட்டால் பாலிசியைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் விதித்திருந்த நிபந்தனை 2024 ஜூலையில் நீக்கப்பட்டது.

ஓட்டும் விதத்தைப் பிரீமியத்தோடு இணைக்கும் வழி ஒன்று ஏற்கெனவே திறந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எவ்வளவு தூரம், எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் அமையும் கூடுதல் வசதிகளை 2022 ஜூலையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்தது. அதை உரிமையாளர் தாமாக விரும்பி எடுக்க வேண்டும். திடீர் பிரேக், அதிவேகம் ஆகியவற்றைக் கருவியோ செயலியோ பதிவு செய்யும். சலானை வைத்துத் தண்டிப்பதைவிட நிதானமாக ஓட்டுபவருக்குக் குறைத்துக் கொடுக்கும் இந்த வழியையே நான் விரும்புகிறேன். வண்டியை உண்மையில் யார் ஓட்டுகிறாரோ அவரை அளப்பது அதுதான். இருந்தாலும் நாள்தோறும் கடலூர் - புதுச்சேரி சென்று வருபவருக்குத் தூரக் கணக்கில் ஆதாயம் கிடைப்பது அரிது. அதிகம் ஓட்டாதவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

மஞ்சக்குப்பம்:

அனைவருக்கும் நன்றி. இப்போது தெளிவாகிவிட்டது. அந்த இரண்டு சலான்களையும் கட்டாமல் விட்டால் பாலிசி புதுப்பிப்பதில் தடை வருமா? ஏஜென்ட் கொடுத்த தவறான விளக்கம் குறித்து எங்கே எழுதலாம்? காரைக்காலில் உள்ள என் மைத்துனருக்கும் இதே பதில்தான் கிடைத்ததாம்.

திருப்பாதிரிப்புலியூர்:

சலான் நிலுவையைக் காட்டிக் காப்பீட்டைப் புதுப்பிக்க மறுக்க முடியாது. ஆனால் வண்டியை விற்கும்போதோ, பெயர் மாற்றும்போதோ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அது தடையாக வந்து நிற்கும். மீறல் உண்மையானால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் இ-சலான் தளத்திலேயே மறுப்பைப் பதிவு செய்யுங்கள். எக்காரணத்தைக் கொண்டும் பாலிசி காலாவதியாக விடாதீர்கள். காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாயும் அடுத்த முறை 4,000 ரூபாயும் அபராதம் என்பது ஒரு புறம் இருக்க, 90 நாள்கள் தாண்டிவிட்டால் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸும் போய்விடும். உங்களுக்கு இந்த ஆண்டு போனஸ் இல்லை, ஆனால் 50 சதவீதத்தில் இருப்பவர்கள் இதனால் பெருந்தொகை இழக்கிறார்கள்.

புகாரை முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நடத்தும் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவு தராவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மனிடம் செல்லலாம். கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்து வாதாடவும் அங்கே இடமில்லை, நீங்களே நேரில் சொல்ல வேண்டும். கடலூர், புதுச்சேரி, காரைக்கால் மூன்றுக்கும் சென்னை அலுவலகம்தான். ஆகவே நீங்களும் உங்கள் மைத்துனரும் ஒரே இடத்துக்கு எழுதலாம். மாஹேயில் உள்ளவர்கள் கொச்சிக்கும், ஏனாமில் உள்ளவர்கள் ஹைதராபாத்துக்கும் அனுப்ப வேண்டும்.